விஎம்முக்குள் ஓடும் போஸ்ட்கிரெஸ்ஸை வெளியிலிருந்து தொட முடியவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

விஎம்முக்குள் (லேப்டாப்புக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) நுழைந்து, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல்லை அடித்தால் டேட்டாபேஸ் சமர்த்தாகப் பதில் சொல்கிறது. அதே லேப்டாப்பில், விஎம்முக்கு வெளியே டிபீவர், பிஜிஅட்மின் போன்ற டேட்டாபேஸ் பார்க்கும் செயலி ஒன்றைத் திறந்து இணைத்தால் சிவப்பு எழுத்தில் ஒரு பிழை. உடனே கை பரபரக்கும். ஃபயர்வாலை அணைப்போம், நெட்வொர்க் வகையை மாற்றுவோம், கான்ஃபிக் கோப்பில் இரண்டு வரி சேர்ப்போம், எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்வோம். ஒருவழியாக இணைந்துவிட்டாலும் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து.

இங்கே நான் எடுத்துக்கொள்வது பலரிடமும் இருக்கிற ஒரு அமைப்பு: விண்டோஸ் லேப்டாப், அதில் விர்ச்சுவல்பாக்ஸ், அதற்குள் உபுண்டு சர்வர், அதில் 5432-ஆம் போர்ட்டில் (இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசல்) போஸ்ட்கிரெஸ். லேப்டாப்பை ஹோஸ்ட் என்றும் உள்ளே இருப்பதை கெஸ்ட் என்றும் சொல்கிறேன். மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்கு எங்கெங்கே கதை மாறுகிறதோ அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

பிழைச் செய்தியின் வாசகத்தைவிட, அது வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை நான் அதிகம் நம்புவேன். இணைப்புப் பொத்தானை அழுத்திவிட்டு எண்ணுங்கள். பட்டென்று மறுப்பு வந்தால், நீங்கள் அனுப்பியது யாரிடமோ போய்ச் சேர்ந்து, "இந்தப் போர்ட்டில் யாரும் இல்லை" என்று பதிலும் வந்திருக்கிறது. 20 விநாடி வரை பேச்சுமூச்சில்லாமல் இருந்து பிறகு கைவிட்டால், நீங்கள் அனுப்பிய பாக்கெட் (தகவல் துண்டு) வழியிலேயே தொலைந்திருக்கிறது, அல்லது ஒரு ஃபயர்வால் அதைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறது. பயனர் பெயரையோ கடவுச்சொல்லையோ குறை சொல்லி ஒரு பதில் வந்தால் நெட்வொர்க் பக்கம் போகவே வேண்டாம். பேசிக்கொண்டிருப்பது ஏதோ ஒரு டேட்டாபேஸ்தான். அது உங்களுடைய டேட்டாபேஸ்தானா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

விண்டோஸில் உடனடி மறுப்புக்கு 10061, காத்திருந்து கைவிடுவதற்கு 10060. லினக்ஸில் அதே இரண்டும் 111, 110. செய்தியின் வால் பகுதியில் இந்த எண் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னொரு சோதனையையும் முதலிலேயே முடித்துவிடலாம். கெஸ்ட்டுக்குள் பிஎஸ்க்யூஎல்லைச் சும்மா அடித்தால் அது யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் பாதை) வழியாகப் போகும், நெட்வொர்க்கைத் தொடவே தொடாது. அது வேலை செய்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இணைக்க வேண்டிய முகவரியாக 127.0.0.1 (லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே கணினி) கொடுத்து ஒரு முறை, பிறகு கெஸ்ட்டின் சொந்த ஐபி கொடுத்து ஒரு முறை இணைத்துப் பாருங்கள். முதலாவது இணைந்து இரண்டாவது இணையவில்லை என்றால், நேராக "பட்டென்று மறுப்பு" பகுதிக்குப் போய்விடலாம்.

அறிகுறி: சத்தமே இல்லை, கடைசியில் டைம்அவுட்

கெஸ்ட்டில் ஐபியைப் பார்க்கிறீர்கள், 10.0.2.15 என்று காட்டுகிறது. அதையே டிபீவரில் போடுகிறீர்கள். போகாது, எந்தக் காலத்திலும் போகாது. விர்ச்சுவல்பாக்ஸ் புதிய விஎம்முக்குத் தானாகத் தருவது நாட் என்ற வகை (விஎம் ஹோஸ்ட்டின் முகவரிக்குப் பின்னால் ஒளிந்து வெளியே போகும்). அதில் ஒவ்வொரு விஎம்மும் தனித்தனித் தீவு. இரண்டு விஎம் இருந்தால் இரண்டுமே 10.0.2.15 என்று சொல்லும், அதில் முரண்பாடு எதுவும் இல்லை. தீவிலிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர வழி கிடையாது.

வழி போட மூன்று விதம் உண்டு. போர்ட் ஃபார்வர்டிங்: ஹோஸ்ட்டின் 127.0.0.1-இல் 15432-க்கு வருவதை கெஸ்ட்டின் 5432-க்குத் தள்ளச் சொல்வது. ஹோஸ்ட் ஐபி கட்டத்தைக் காலியாக விட்டால் உங்கள் வைஃபையில் இருக்கும் மற்றவர்களுக்கும் அந்த வாசல் திறந்துவிடும் என்பதால் 127.0.0.1 என்று எழுதிவிடுங்கள். இரண்டாவது, ஹோஸ்ட்-ஒன்லி: கூடுதலாக ஒரு நெட்வொர்க் கார்டு. ஹோஸ்ட் வழக்கமாக 192.168.56.1 ஆகவும், கெஸ்ட் 192.168.56.101 போன்ற ஒன்றாகவும் இருக்கும். மூன்றாவது பிரிட்ஜ்டு: கெஸ்ட் உங்கள் ரவுட்டரிடமே நேரடியாக முகவரி வாங்கிக்கொள்ளும்.

என் தேர்வு, முதல் கார்டை நாட்டாகவே விட்டுவிட்டு இரண்டாவதாக ஹோஸ்ட்-ஒன்லி சேர்ப்பது. இணையத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பிரிட்ஜ்டு வீட்டில் நன்றாக ஓடும். அலுவலக வைஃபைக்கு எடுத்துப்போனால் அங்கே தெரியாத கருவிக்கு முகவரி தர மாட்டார்கள், தந்தாலும் தினம் ஒன்று தருவார்கள்.

ஹோஸ்ட்-ஒன்லி சேர்த்தவர்கள் அடிக்கடி இடறும் கல் ஒன்று உண்டு. உபுண்டு சர்வரில் பிறகு சேர்த்த கார்டு தானாக உயிர்பெறாது. ஐபி பட்டியலில் இரண்டாவது கார்டின் பெயர் இருக்கும், முகவரி இருக்காது. உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளான் கோப்பில் அந்தக் கார்டுக்கும் டிஹெச்சிபி (தானாக முகவரி வாங்கும் முறை) உண்டு என்று எழுதி, நெட்பிளான் அப்ளை செய்ய வேண்டும்.

முகவரி சரி, வழியும் சரி, இன்னும் சத்தமில்லை என்றால் ஃபயர்வால். இங்கே ஊகிக்காதீர்கள். கெஸ்ட்டில், வந்துபோகும் பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் டிசிபிடம்ப்பை 5432-ஆம் போர்ட்டுக்கு ஓடவிட்டு, வெளியிலிருந்து ஒரு முறை இணைக்க முயலுங்கள். திரையில் ஒரு வரிகூட வரவில்லை என்றால் பாக்கெட் கெஸ்ட்டை எட்டவே இல்லை. ஹோஸ்ட்டிலும் விர்ச்சுவல்பாக்ஸிலும் தேடுங்கள். வரிகள் வருகின்றன, பதில் போகவில்லை என்றால் கெஸ்ட்டுக்குள் உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூ தடுக்கிறது, 5432-ஐ 192.168.56.0/24 வலையமைப்புக்கு மட்டும் திறந்துவிடுங்கள். இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

விஎம் கிளவுடில் இருந்தால் டைம்அவுட்டுக்கு முதல் சந்தேகம் செக்யூரிட்டி குரூப் (கிளவுட் பக்கத்து ஃபயர்வால்) விதிகள் மேல்தான்.

அறிகுறி: பிங் போகிறது, ஆனால் "ஹோஸ்ட்டுக்கு வழி இல்லை" என்கிறது

கெஸ்ட் ரெட்ஹேட் குடும்பத்தைச் சேர்ந்ததா? ராக்கி, அல்மா, பழைய சென்ட்ஓஎஸ்? அப்படியானால் ரவுட்டிங்கை (பாக்கெட் போகும் பாதையை) நோண்ட வேண்டாம்; இந்தச் செய்தியில் ஹோஸ்ட் என்பது நீங்கள் தட்டும் கெஸ்ட்தான். அங்கே ஃபயர்வாலாக இருக்கும் ஃபயர்வால்டி பாக்கெட்டை விழுங்காமல் "நிர்வாகத் தடை" என்று ஐசிஎம்பி செய்தி (நெட்வொர்க் நிலவரம் சொல்லும் குறிப்பு) திருப்பி அனுப்புகிறது. லினக்ஸ் கிளையன்ட் அதை 113 என்ற பிழையாக, வழியே இல்லாதது போல மொழிபெயர்த்துக் காட்டுகிறது. போஸ்ட்கிரெஸ் சேவையை நிரந்தர விதியாகச் சேர்த்து ரீலோட் செய்தால் முடிந்தது. நிரந்தரம் என்று குறிப்பிட மறந்தால் அடுத்த ரீபூட்டில் இதே பிழை மறுபடி வரும்.

அறிகுறி: பட்டென்று மறுப்பு

பாக்கெட் போய்ச் சேருகிறது, அங்கே கேட்பார் இல்லை. கெஸ்ட்டில், எந்த முகவரியில் எந்தச் சேவை கேட்கிறது என்று காட்டும் எஸ்எஸ் கட்டளையை எல், டி, என், பி என்ற நான்கு எழுத்துகளோடு ஓட்டுங்கள். 5432-க்கு எதிரே 127.0.0.1 என்று மட்டும் இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. எந்த முகவரிகளில் கேட்க வேண்டும் என்று சொல்லும் போஸ்ட்கிரெஸ்ஸின் லிசன்_அட்ரஸஸ் என்ற அமைப்பு, யாரும் தொடாதவரை லோக்கல்ஹோஸ்ட்தான். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல்லும் இதே பழக்கம்தான், பைண்ட்-அட்ரஸ் வரியில் 127.0.0.1 என்று இருக்கும்.

லிசன்_அட்ரஸஸை நட்சத்திரக் குறியாக (எல்லா முகவரிகளும் என்று பொருள்) மாற்றினேன், இன்னும் அப்படியே இருக்கிறது என்பவர்களுக்கு மூன்று காரணங்கள். ஒன்று, ரீலோட் (சேவையை நிறுத்தாமல் அமைப்பை மட்டும் மறுபடி படிக்கச் சொல்வது) செய்திருப்பீர்கள்; லிசன்_அட்ரஸஸ் ரீஸ்டார்ட் செய்தால்தான் நடைமுறைக்கு வரும். இரண்டு, வேறு கோப்பைத் திருத்தியிருப்பீர்கள். எந்தக் கோப்பைப் படிக்கிறாய் என்று போஸ்ட்கிரெஸ்ஸிடமே கேட்கலாம், ஷோ கான்ஃபிக்_ஃபைல் என்று அடித்தால் சொல்லிவிடும். மூன்று, எப்போதோ யாரோ ஆல்டர் சிஸ்டம் கட்டளை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டளை எழுதுவது டேட்டா டைரக்டரியில் உள்ள ஆட்டோ.கான்ஃப் என்ற தனிக் கோப்பில். அது கடைசியாகப் படிக்கப்படுவதால் நீங்கள் கையால் எழுதியது தோற்றுவிடும்.

போர்ட்டையும் பாருங்கள். உபுண்டு, டெபியனில் ஒரு பதிப்பு இருக்கும்போதே அடுத்த பதிப்பை நிறுவினால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும். புதியது 5433-க்குப் போய்விடும். பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்று அடித்தால் எது எங்கே இருக்கிறது, எது ஓடுகிறது என்று பட்டியல் வரும்.

அறிகுறி: திறக்கிறது, உடனே மூடிக்கொள்கிறது

பலர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கொடுத்தால் 15432 திறந்திருக்கிறது, வெற்றி என்கிறது. டிபீவரோ, சர்வர் எதிர்பாராமல் இணைப்பை மூடிவிட்டது என்கிறது. போஸ்ட்கிரெஸ் லாகில் ஒரு வரியும் இல்லை.

நாட் ஃபார்வர்டிங்கில் உங்கள் இணைப்பை முதலில் ஏற்பது விர்ச்சுவல்பாக்ஸ். வாசலில் நின்று "வாங்க வாங்க" என்று கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு, அதன் பிறகுதான் உள்ளே போய் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கும். இல்லையென்றால் இணைப்பை அறுத்துவிடும். ஆகவே போர்ட் திறந்திருக்கிறது என்ற சோதனைக்கு இங்கே மதிப்பே கிடையாது. உண்மையில் இது முந்தைய பகுதியில் சொன்ன அதே மறுப்புதான், வேறு முகமூடியோடு வருகிறது. ஃபார்வர்டிங் வழியாக வரும் இணைப்பு கெஸ்ட்டின் 10.0.2.15-க்குத்தான் போகிறது, 127.0.0.1-க்கு அல்ல. லிசன்_அட்ரஸஸ் லோக்கல்ஹோஸ்ட்டாகவே இருந்தால் இப்படித்தான் முடியும். சேவை இன்னும் கிளம்பாத பூட் நேரத்திலும் இதே காட்சிதான்.

அறிகுறி: பிஜி_எச்பிஏவில் உனக்கு வரி இல்லை என்கிறது

பிஜி_எச்பிஏ என்பது யார், எந்த முகவரியிலிருந்து, எப்படி நுழையலாம் என்று போஸ்ட்கிரெஸ் பார்க்கும் கோப்பு. இந்தப் பிழை நல்ல செய்தி. டேட்டாபேஸே பேசுகிறது, எந்த முகவரியிலிருந்து நீங்கள் வந்ததாக அது நினைக்கிறது என்பதையும் அந்தப் பிழையிலேயே எழுதித் தருகிறது. அந்த முகவரியை அப்படியே நம்புங்கள். நாட் ஃபார்வர்டிங் என்றால் அது 10.0.2.2 ஆக இருக்கும், உங்கள் லேப்டாப்பின் வைஃபை முகவரியாக இருக்காது. ஹோஸ்ட்-ஒன்லி என்றால் 192.168.56.1. கெஸ்ட்டுக்குள் டாக்கரில் போஸ்ட்கிரெஸ் ஓட்டினால் 172-இல் தொடங்கும் ஏதோ ஒன்றாக இருக்கலாம்.

பிஜி_எச்பிஏ கோப்பு மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும்; அந்த வரி மறுத்தால் கீழே இருக்கும் தாராளமான வரிக்கு வாய்ப்பே வராது. கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை, மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பதிப்பு 10 முதல் பிஜி_எச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ் என்ற வியூ (டேபிள் போலக் கேட்டுப் பார்ப்பது) உண்டு. கோப்பை போஸ்ட்கிரெஸ் எப்படிப் புரிந்துகொள்கிறது, எந்த வரியில் எழுத்துப்பிழை என்பதை அது காட்டும். இந்தக் கோப்புக்கு ரீலோட் போதும்.

0.0.0.0/0 (எந்த முகவரியும்) என்று எழுதி, பக்கத்தில் டிரஸ்ட் (கடவுச்சொல் கேட்காதே) என்று போடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். பிரிட்ஜ்டு நெட்வொர்க்கில் அதைச் செய்தால், அதே வைஃபையில் இருக்கும் யாரும் கடவுச்சொல் இல்லாமல் சூப்பர்யூசராக நுழையலாம்.

மைஎஸ்க்யூஎல்லில் இந்த இடத்தில் 1130 என்ற எண் வரும். அங்கே பயனர் என்பது பெயரும் முகவரியும் சேர்ந்தது. லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து வரும் ரூட்டும் 10.0.2.2-இலிருந்து வரும் ரூட்டும் அதற்கு வேறு வேறு ஆட்கள். ரூட்டைத் திறந்துவிடாமல், அந்த முகவரிக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள்.

அறிகுறி: கடவுச்சொல் சரிதான், ஆனாலும் தவறு என்கிறது

இதில் ஒரு மதியம் முழுவதையும் தொலைத்தவன் நான். கெஸ்ட்டுக்குள் போய்க் கடவுச்சொல்லை மாற்றுவேன், வெளியே வந்து இணைப்பேன், தவறு என்று வரும். நான்கு முறை மாற்றினேன். கடைசியில் விஎம்மை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்று எழுந்தபோது கை தவறி டிபீவரில் இன்னொரு முறை இணைப்பை அழுத்திவிட்டேன். அணைந்துகிடக்கும் விஎம்மிலிருந்து "கடவுச்சொல் தவறு" என்று பதில் வந்தது.

லேப்டாப்பிலேயே எப்போதோ நிறுவி மறந்த போஸ்ட்கிரெஸ் ஒன்று 5432-இல் உட்கார்ந்திருந்தது. நான் ஃபார்வர்டிங்கிலும் ஹோஸ்ட் போர்ட்டாக 5432-ஐயே கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து ஹோஸ்ட் பக்கத்தில் 15432 போன்ற யாரும் பயன்படுத்தாத எண்ணைத்தான் கொடுக்கிறேன். கடவுச்சொல் பிழை வந்தால் முதல் சோதனையும் இதுதான்: விஎம்மை அணையுங்கள், மறுபடி இணையுங்கள். பதில் வந்தால் நீங்கள் தட்டுவது பக்கத்து வீட்டுக் கதவை. இணைந்துவிட்டது ஆனால் டேபிள்களைக் காணோம் என்பதும் இதே நோய்தான். இணைந்த பிறகு சர்வரின் பதிப்பையும் டேட்டா டைரக்டரியையும் கேட்டால், விண்டோஸ் பாதை வருகிறதா லினக்ஸ் பாதை வருகிறதா என்று தெரிந்துவிடும்.

ஹோஸ்ட் லினக்ஸாக இருந்து மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் பயன்படுத்தினால் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் அது யூனிக்ஸ் சாக்கெட்டைத் தேடிப் போகும், நீங்கள் கொடுத்த போர்ட் எண்ணை மதிக்காது. 127.0.0.1 என்று எண்ணிலேயே எழுதுங்கள்.

சரியான சர்வர்தான் என்று உறுதியான பிறகும் கடவுச்சொல் மறுக்கப்பட்டால் அது சேமிக்கப்பட்ட விதத்தைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் 14 முதல் கடவுச்சொல்லைச் சேமிக்கும் இயல்பான முறை ஸ்க்ராம்-ஷா-256. பழைய பதிப்பிலிருந்து வந்த, எம்டி5 என்ற பழைய முறையில் சேமித்த கடவுச்சொல்லை ஸ்க்ராம் கேட்கும் எச்பிஏ வரி ஏற்காது. அதே கடவுச்சொல்லை மறுபடி ஒரு முறை அமைத்தால் புதிய முறையில் சேமிக்கப்படும். "முறை 10-க்கு ஆதரவில்லை" என்று கிளையன்ட் சொன்னால் அதன் டிரைவர் (டேட்டாபேஸோடு பேசும் நிரல்) பழசு, டிரைவரைப் புதுப்பியுங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு மாறியபோது பழைய கிளையன்ட்கள் தடுமாறியதும் இதுபோன்ற காரணத்தால்தான்.

அறிகுறி: நேற்று ஓடியது, ரீபூட்டுக்குப் பிறகு இல்லை

ஐபி மாறியிருக்கும். அது எளிய வடிவம். சிக்கலான வடிவம், லிசன்_அட்ரஸஸில் லோக்கல்ஹோஸ்ட்டோடு குறிப்பிட்ட ஐபி ஒன்றையும் எழுதிவைத்திருப்பது. அந்த முகவரி மாறிவிட்டாலோ, நெட்வொர்க் கார்டு தயாராகும் முன் சேவை கிளம்பிவிட்டாலோ, போஸ்ட்கிரெஸ் லாகில் ஒரு எச்சரிக்கையை எழுதிவிட்டு, பிடிக்க முடிந்த முகவரிகளோடு மட்டும் ஓடத் தொடங்கும். சேவை நலமாக இருப்பதாகவே காட்டும். கையால் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், அடுத்த பூட்டில் மறுபடி போய்விடும். நட்சத்திரக் குறி போட்டு, யார் வரலாம் என்பதை எச்பிஏவும் ஃபயர்வாலும் தீர்மானிக்கும்படி விடுவது நிம்மதி.

விஎம்மை குளோன் செய்தவர்களுக்குத் தனிப் பிரச்சினை. குளோன் செய்யும்போது புதிய மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கேட்டு வாங்கியிருந்தாலும் இரண்டு உபுண்டுகளும் ஒரே ஐபியோடு எழுந்து நிற்கும். இணைப்பு சில நேரம் ஒன்றுக்கும் சில நேரம் மற்றதற்கும் போகும். காரணம், உபுண்டு சர்வர் டிஹெச்சிபியிடம் தன்னை அடையாளம் காட்டுவது மெஷின்-ஐடி என்ற கோப்பை வைத்து. அதுவும் சேர்ந்து குளோன் ஆகியிருக்கிறது. குளோனில் அதைக் காலி செய்து ரீபூட் செய்யுங்கள், அல்லது நெட்பிளானில் அடையாளத்துக்கு மேக்கையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அறிகுறி: இணைகிறது, ஆனால் ஆமை

இணையும்போது மட்டும் தாமதம், இணைந்த பின் வேகம் என்றால் பெயர் தேடலில் நேரம் போகிறது. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் கிளையன்ட் முதலில் ஐபிவி6-இல் தட்டிப் பார்த்துத் தோற்று, பிறகு ஐபிவி4-க்கு வரலாம். மறுபடியும் அதே மருந்து, 127.0.0.1. மைஎஸ்க்யூஎல் வருகிறவரின் ஐபிக்குப் பெயர் என்ன என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். ஹோஸ்ட்-ஒன்லி முகவரிக்குப் பதில் சொல்ல யாரும் இல்லாததால் விநாடிக்கணக்கில் காத்திருக்கும். பெயர் தேட வேண்டாம் என்று சொல்லும் ஸ்கிப்-நேம்-ரிசால்வ் வரியைச் சேருங்கள். பயனர்களை ஐபி எண்ணால் உருவாக்கியிருக்கிறீர்களா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சின்ன வினவல் ஓடுகிறது, பெரியது உறைந்துபோகிறது

பத்து வரி கேட்டால் வருகிறது, ஆயிரம் வரி கேட்டால் அப்படியே நிற்கிறது, பிழையும் இல்லை. ஹோஸ்ட்டில் விபிஎன் ஓடுகிறதா? வழியில் ஏதோ ஒரு இடம் 1500 பைட் பாக்கெட்டை ஏற்கவில்லை, ஏற்கவில்லை என்ற தகவலும் திரும்பி வரவில்லை. துண்டாக்காதே என்ற குறிப்போடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புகள் 28 பைட் சேர்ந்து அது 1500 ஆகும். அது போகாமல் 1300 போனால் இதுதான். கெஸ்ட் கார்டின் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) குறைத்துப் பாருங்கள்.

அறிகுறி: சும்மா விட்டால் அறுந்துபோகிறது

மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்தால் முதல் வினவல் மட்டும் தோற்கிறது. இடையில் உள்ள நாட் கருவியோ ஃபயர்வாலோ பேச்சில்லாத இணைப்பை மறந்துவிட்டிருக்கிறது. லினக்ஸில் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) முதல் முறை தட்டிப் பார்ப்பது 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்து. போஸ்ட்கிரெஸ்ஸில் டிசிபி_கீப்அலைவ்ஸ்_ஐடில் என்பதை 60 விநாடிக்குக் குறைத்தால் போதும்.

லேப்டாப்பை மூடித் திறந்த பிறகு, கெஸ்ட் சரிபார்க்கும் டிஎல்எஸ் (மறையாக்க இணைப்பு) சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று வந்தால் கெஸ்ட்டின் கடிகாரம் பின்தங்கிவிட்டது. நேரத்தைச் சரிசெய்யுங்கள், சான்றிதழைத் தொட வேண்டாம்.

அறிகுறி: ஏற்கெனவே கூட்டம் அதிகம் என்கிறது

போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகள் தரும், அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியவை. மைஎஸ்க்யூஎல்லில் 151. விஎம்மின் நினைவகம் சின்னது, எண்ணை ஏற்றுவதற்கு முன், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் ஐடில் (சும்மா இருப்பது) என்ற நிலையில் வரிசையாக உட்கார்ந்திருப்பது உங்கள் செயலியேதான், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒன்றைத் திறந்துவிட்டு மூட மறந்திருக்கும். அந்த மூன்றில் ஒன்றைப் பயன்படுத்தி சூப்பர்யூசராக உள்ளே நுழைந்து பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் மூலம் அவற்றை வெளியேற்றலாம். உங்கள் செயலியே சூப்பர்யூசராக இணைந்துகொண்டிருந்தால் அந்த மூன்றும் போயிருக்கும், அப்போது ரீஸ்டார்ட்தான்.